புகையைக் கக்கினால் பூமி குளிருமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கப்பல் புகையைச் சுத்தப்படுத்தினார்கள், உடனே கடல் சூடாகிவிட்டது. புகை இருந்தவரை அது வெயிலை மறைத்து நம்மைக் காப்பாற்றியது. ஆகவே காற்று மாசு என்று கூச்சல் போடுகிறவர்களும் பருவநிலை மாற்றம் என்று கூச்சல் போடுகிறவர்களும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று முடித்திருந்தார். குளச்சலில் நான் டீ குடிக்கிற கடையில் ஒருவர் அதைச் சத்தமாகவே வாசித்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சொன்னதில் பாதி உண்மை என்பதால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. மீதிப் பாதியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். வீடு கருங்கல் பக்கம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து முடித்ததிலிருந்து குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று துறைமுகத்திலேயே காலம் போகிறது. எங்கள் தொழிலில் இஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் புகையைத்தான் பார்ப்போம். வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமலே வெளியே போகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. நீலம் கலந்து வந்தால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், காற்று குறைவு. நாசில் சரியாகத் தெளிக்காமல் இருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இல்லாவிட்டால் யாரோ வேகத்துக்காக டீசல் பம்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஒழுங்காக ஓடுகிற இஞ்சினில், சூடு ஏறிய பிறகு, புகை அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததால் ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடை இருக்காது. அது முழுவதும் எரிந்தால் வெளியே போவது சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. எடை எப்படிக் கூடியது என்று என்னிடம் வேலை பழக வந்த பையன்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். டீசலில் உள்ள கரி, காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. கூடின எடை ஆக்சிஜனுடையது. ஆழ்கடலுக்குப் போகிற ஒரு விசைப்படகு ஒரு தடவைக்குப் பல ஆயிரம் லிட்டர் டீசல் ஏற்றும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அதே குழாய் வழியாகக் கரியமில வாயுவோடு இன்னும் இரண்டு சாமான் போகிறது. ஒன்று, அரைகுறையாக எரிந்த கரித்துகள், அதாவது கறுப்புப் புகை. இன்னொன்று, எண்ணெயில் கந்தகம் இருந்தால் கந்தக டை ஆக்சைடு. இந்த மூன்றின் குணமும் வேறு வேறு. அந்த வாசகர் மூன்றையும் 'புகை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டதுதான் தகராறு.

முதலில் கந்தகம், ஏனென்றால் அவர் பேசியது அதைப் பற்றித்தான். 2020 ஏப்ரல் முதல் நம் பெட்ரோல் பங்குகளில் விற்கிற பி.எஸ்.6 தரத்து டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குதான் கந்தகம். அதற்கு முந்திய பி.எஸ்.4 டீசலில் அது 50. ஆனால் கன்னியாகுமரிக்குத் தெற்கே, கொழும்பிலிருந்து சூயஸ் பக்கம் போகிற பெரிய கப்பல்கள் எரிப்பது வேறு எண்ணெய். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும், அவ்வளவு கெட்டி. 2019 வரை அதில் 3.5 சதவீதம் கந்தகம் இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. பத்து லட்சத்தில் 35 ஆயிரம்! 2020 ஜனவரி 1 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை 0.5 சதவீதமாகக் குறைத்தது. குறைத்த பிறகும் அது நம் லாரி டீசலைப் போல 500 மடங்கு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் இந்தக் கப்பல்களை ராத்திரி வெளிச்சத்தை வைத்தே அடையாளம் சொல்வார்கள். வலை மேலே ஏறிப் போகிற பயம் அவர்களுக்குத்தானே.

அந்தக் கந்தகப் புகை காற்றில் ஈரத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய வெளிர் துகள்களாக மாறுகிறது. அந்தத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பும். அதைச் சுற்றி மேகத்துளிகள் கூடுதலாகப் பிடிக்கும், மேகம் வெளுக்கும், இன்னும் கொஞ்சம் வெயில் திரும்பும். கடல் மேல் கப்பல் போன வழியில் கோடு கோடாக மேகம் நிற்பதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். 2020-க்குப் பிறகு அந்தக் கோடுகள் குறைந்தன. அதனால் கடல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகியிருக்கிறது என்பதும் உண்மை. எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் இருக்கிறது. ஒரு டிகிரியில் சிறு பின்னம்தான். வாசகர் சொன்ன பாதி உண்மை இதுதான். இதற்கு முன்னால் எரிமலையே இதைக் காட்டியிருக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்சில் பினாட்டுபோ வெடித்தபோது மழை எட்டாத உயரத்துக்குப் போன கந்தகத்தால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்துக்கு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. அப்புறம் அந்தத் துகள் படிந்தது, சூடு பழையபடி ஏறியது.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2021 அறிக்கையில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறது. நாம் விட்ட வெப்ப வாயுக்கள் தனியாக இருந்திருந்தால், தொழிற்சாலைக் காலத்துக்கு முன் இருந்ததைவிடப் பூமி சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கும். புகைத்துகள்கள் அதில் ஏறக்குறைய 0.4 டிகிரியை மறைத்ததால் நாம் உணர்ந்தது 1.1 டிகிரி. அந்த அறிக்கை எடுத்துக்கொண்டது 2010 முதல் 2019 வரையான காலத்தை. அதன் பிறகு 2024-ஆம் வருடம் மட்டும் தனியாக 1.5 டிகிரியைத் தாண்டியது என்று உலக வானிலை அமைப்பே அறிவித்தது.

எங்கள் தொழில் பேச்சில் சொன்னால், இது கூலிங் பம்பு பழுதான இஞ்சினை நிறுத்திச் சரிபார்க்காமல், மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது. கை ஓய்ந்த அடுத்த நிமிடம் முள் சிவப்புக்குப் போகும். ஊற்றும் தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் இல்லை, ஆளைக் கொல்கிற தண்ணீர். ஏனென்றால் வெயிலை மறைக்கிற அந்தக் கந்தகத் துகளும் பி.எம். 2.5 என்று சொல்கிற நுண்துகள் கணக்கில்தான் வருகிறது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாததால் மூக்கிலோ தொண்டையிலோ நிற்காமல் நுரையீரலின் அடி வரை போய், ரத்தத்திலும் கலக்கும். வீட்டுக்கு உள்ளே வரும் புகையும் வெளியே உள்ள மாசும் சேர்ந்து வருடத்துக்கு சுமார் 70 லட்சம் பேரின் ஆயுளைக் குறைத்து முடிக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதைப் 'பாதுகாப்பு' என்று எழுத எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

காலக் கணக்கை அவர் பார்க்கவே இல்லை. கந்தகத் துகளும் கரித்துகளும் காற்றில் சில நாள் நிற்கும், மிஞ்சினால் இரண்டு வாரம். ஒரு மழை அடித்தால் கழுவிக்கொண்டு போகும். கரியமில வாயுவை மழை கழுவாது. இன்று விட்டதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மேலே நிற்கும். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு போட்டபோது எல்லாரும் இதைக் கண்ணால் பார்த்தோம். படகு கரையில், லாரி ஷெட்டில். சில வாரத்திலேயே வானம் தெளிந்துவிட்டது. ஜலந்தரிலிருந்து இமயமலைத் தொடர் தெரிகிறது என்று படம் போட்டார்கள். அதே வருடம் உலகின் கரியமில வாயு வெளியேற்றம் சுமார் ஐந்து சதவீதம் குறைந்தது. ஆனால் காற்றில் ஏற்கனவே சேர்ந்து கிடந்த அளவு குறையவில்லை, கூடவே செய்தது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

அப்படியானால் புகையை வைத்து வெப்பத்தை மறைக்க வேண்டுமென்றால், வருடா வருடம் ஏறுகிற வாயுவுக்கு ஈடாகப் புகையையும் வருடா வருடம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், அதுவும் நூற்றாண்டுக் கணக்கில். அந்த வாசகர் இதற்குச் சம்மதிப்பாரா?

இனி கறுப்புப் புகை. இதுதான் எங்கள் ஊர் சமாச்சாரம், இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். கரித்துகள் வெயிலைத் திருப்பி அனுப்பாது, விழுங்கும். விழுங்கிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். இதை நம் கடலில் வைத்தே கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, மாலத்தீவை மையமாக வைத்து, அவரும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமை தாங்கி இந்தியப் பெருங்கடல் மேல் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடத்தினார்கள். விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாம் வைத்துப் பார்த்தபோது, குளிர்கால வடகிழக்குக் காற்றில் துணைக்கண்டத்திலிருந்து கிளம்பிய பழுப்புப் புகை மூட்டம் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கடல் மேல் பரவி நின்றது. கடல் மட்டத்துக்கு வந்து சேரும் வெயிலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அது தடுத்தது. வெயில் குறைந்தால் கடலிலிருந்து எழும் ஈரம் குறையும். மேலே காற்று சூடு, கீழே கடல் மந்தம் என்றால் பருவமழையின் ஓட்டமே மாறும். மழை தள்ளினால் தோவாளைப் பக்கத்து வயல்காரருக்கும் குலசேகரத்து ரப்பர்காரருக்கும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் திருவனந்தபுரத்து விண்வெளி மையத்து ஆட்களும் பல காலமாகக் கரித்துகளை அளந்து வருகிறார்கள். குளிர்கால வறண்ட மாதங்களில் அது கூடுகிறது, இடவ மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இறங்குகிறது.

அந்த மூட்டத்தில் எங்கள் மாவட்டத்தின் பங்கு சிறியதுதான், ஆனால் இருக்கிறது. துறைமுகத்தில் ஒரு டிரைவர் பையன் என்னிடம், "அண்ணே, கறுப்பாகப் புகை வந்தால்தானே இஞ்சினுக்கு வலிவு?" என்றான். "மக்கா, அது வலிவு இல்லை, உன் முதலாளியின் காசு" என்றேன். சிரித்தான், ஆனால் பம்பைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. பக்கத்துப் படகு முந்திப் போய்விடுமாம். இதில் அவன் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. முதலில் கரைக்கு வருகிற மீனுக்குத்தான் விலை. சின்ன வள்ளங்களில் மாட்டுகிற அவுட்போர்டு இஞ்சினில் மண்ணெண்ணெய் எரிகிறது. ஆயில் கலந்து எரிவதால் அதன் பின்னால் உட்காருகிறவருக்குக் கண் எரியும். 2012-இல் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாகச் சொன்னது. இஞ்சின் அறையில் தூங்குகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

என் அக்கா பல வருடம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலையை அப்படித்தான் சொல்வோம். டிரம்மில் போட்டு வறுக்கும்போது முந்திரித் தோட்டில் உள்ள எண்ணெய் எரிந்து வருகிற புகை இருக்கிறதே, அதைத் தாங்கியவர்களுக்குத்தான் தெரியும். அக்காவுக்கு இப்போது மாடிப்படி ஏறினால் இழுப்பு வருகிறது. எந்த ஆபீஸ் என்று எழுதுவதில் அர்த்தமில்லை. பல இடங்களில் நீராவியில் வேக வைத்து உடைக்கும் முறைக்கு மாறிவிட்டார்கள், நல்லது. இன்னும் டிரம்மை வைத்திருப்பவர்கள் சின்ன ஆட்கள், கடன் கிடைத்தால் மாறுவார்கள்.

மச்சான் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறார். ஷீட்டுக்குப் புகை போட வேண்டும்; போடாவிட்டால் பூசணம் பிடிக்கும், கிரேடு போகும். புகைப்புரையில் ஈர விறகைத் திணித்துவிட்டுக் கதவைத் திறக்கிற பழக்கம் பலருக்கும் உண்டு. விறகை நன்றாகக் காயவைத்து, அடுப்பைப் புரைக்கு வெளியே கட்டி, குழாய் வழியாகச் சூட்டை உள்ளே விட்டாலே விறகும் மிச்சம், புகையும் மட்டு. முதல் இரண்டு நாள் வெயிலிலோ சோலார் உலர்த்தியிலோ ஈரம் எடுத்தால் இன்னும் மிச்சம். செங்கல் சூளைக்காரர்களுக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியிலேயே விதி போட்டுவிட்டது, செங்கலைக் கோணல் மாணலாக அடுக்கிக் காற்றை வளைத்து விடுகிற ஜிக்ஜாக் முறைக்கு மாற வேண்டும் என்று. நிலக்கரியும் குறையும், கரும்புகையும் குறையும். நடைமுறையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்கள் நிருபர் ஒருவர் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய் எழுதினால் நான் ஆசையாகப் படிப்பேன்.

குப்பையை விட்டுவிட்டேனே. மட்கும் குப்பையை மலையாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகும். இருபது வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு சூடாக்கும். வெயில் காலத்தில் அந்த மலை தீப்பிடித்தால் மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்து கரும்புகையும் நச்சும் ஊர் முழுக்க. ஒரே இடத்தில் இரண்டு கேடு. எங்கள் தெருவிலேயே வாசலில் சருகோடு பிஸ்கட் கவரையும் சேர்த்துக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சொன்னால், "உம்ம படகு விடுகிற புகையைவிடவா?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் தீயை அணைக்கச் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

டாரஸ் லாரி பற்றி எழுதாமல் குமரி மாவட்டத்துக் கடிதம் எப்படி முடியும்? கல்லும் எம்சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குப் போகிற வண்டிகளின் தூசியைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே நிறைய வந்துவிட்டது. நான் சொல்வது தூசியோடு வருகிற புகையை. புதிய பி.எஸ்.6 வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டரும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்புளூ என்கிற யூரியாக் கரைசல் ஊற்றுகிற ஏற்பாடும் இருக்கிறது. ஆட்புளூ செலவுக்குப் பயந்து அந்த ஏற்பாட்டையே துண்டித்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்து கொடுக்கிறவர்களும் எங்கள் மெக்கானிக் இனம்தான், வெட்கமாக இருக்கிறது.

அந்த நைட்ரஜன் ஆக்சைடுக்குத் தனிக் கதை. அது பெட்ரோல் ஆவி போன்றவற்றோடு சேர்ந்து வெயிலில் வெந்து தரைமட்டத்தில் ஓசோனாக மாறும். மேலே இருக்க வேண்டிய ஓசோன் கீழே உண்டானால் நெஞ்சைக் கெடுக்கும், பயிரின் இலையைக் கெடுக்கும், வெப்பத்தையும் பிடித்து வைக்கும். வெயில் கூடக் கூட ஓசோன் உண்டாவதும் கூடும். காற்று அசையாத வெக்கை நாட்களில் புகை மேலே போகாமல் தரையோடு நிற்கும். மழை இடைவெளி நீண்டால் கழுவ ஆளில்லை. மலையில் காட்டுத்தீ பிடித்தால் அந்தப் புகை வேறு. ஆக, மாசு வெப்பத்தைக் கூட்டுகிறது, வெப்பம் மாசைக் கூட்டுகிறது. இரண்டு கூட்டமும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டும் என்று அந்த வாசகர் சொன்னாரே, அவர்கள் பேசுவது ஒரே அடுப்பைப் பற்றித்தான்.

கடல் சூடாவது எங்களுக்குப் பத்திரிகைச் செய்தி இல்லை. 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி ஒக்கிப் புயல் என்ன செய்தது என்று இந்தக் கரையில் யாரிடமும் விளக்க வேண்டாம். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேரும் முன் புயல் போய்ச் சேர்ந்தது. மேற்கே ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. ஒக்கியை இன்ன புகைதான் கொண்டுவந்தது என்று கைகாட்ட முடியாது, அப்படிச் சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் புயலுக்குத் தீனி சூடான கடல். அரபிக்கடல் சூடாகிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் பார்த்தோம். சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், விட்டால் ஒரேயடியாக விடும். சாளை மீன் ஒரு வருடம் குவிவதும் ஒரு வருடம் காணாமல் போவதும் பழைய கதைதான் என்றாலும், கடல் சூடும் அதற்கு ஒரு காரணம் என்று மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்.

அந்த வாசகர் ஒரு கெட்டிக்காரத்தனமான வாதத்தைத் தெரிந்தோ தெரியாமலோ எடுத்திருக்கிறார். அனல் மின் நிலையங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நிலக்கரியில் வரும் கந்தகப் புகையைப் பிடிக்கக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது. அப்புறம் கெடுவைத் தள்ளித் தள்ளிப் போட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அனல் மின் நிலையங்கள் உள்ள தூத்துக்குடி எங்களுக்கு வடகிழக்கில் இருக்கிறது. வாடைக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. கந்தகம் பூமியைக் குளிர்விக்கிறதே என்று ஒருவர் எழுதினால், விலக்கு வாங்கியவர்கள் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். நிலக்கரி எரிந்தால் கந்தகம் மட்டுமா போகிறது? கரியமில வாயுவும் அதோடுதான் போகிறது. கந்தகம் இரண்டு வாரத்தில் கீழே விழும். மற்றது நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டால், என் கைக்கு எட்டிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாதங்களில்தான் இஞ்சினைப் பிரித்து வேலை செய்கிறோம், இந்த மாதங்களில்தான் மீன்வளத் துறை ஆட்கள் படகைப் பார்வையிட வருகிறார்கள். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் புகைச் சான்று கேட்கிறார்கள், படகுக்கு அப்படி ஒரு சான்று கேட்டு நான் பார்த்ததில்லை. சான்று, அபராதம் என்று தொடங்கினால் அடுத்த நாளே மறியல்தான், அது வேண்டாம். பார்வையிட வரும்போது ஒரு புகை அளவியையும் கொண்டு வரட்டும், அளவை எழுதி உரிமையாளர் கையில் கொடுக்கட்டும். கூடினவர்களுக்கு நாசில் சோதனைக்கும் பம்பின் அளவைச் சரிசெய்வதற்கும் பாதி செலவை மானியமாகக் கொடுக்கட்டும். படகுகளுக்கு வரி விலக்கு டீசல் கொடுக்கிற அரசுக்கு, அந்த டீசலில் ஒரு பகுதி கரியாகப் போகாமல் தடுப்பதும் லாபம்தானே.

இதனால் கறுப்புப் புகை குறையும், இஞ்சின் அறையில் மூச்சு லேசாகும், டீசல் கொஞ்சம் மிச்சமாகும். லிட்டருக்கு 2.7 கிலோ என்ற கணக்கு இதனால் மாறாது. அதற்கு டீசல் எரிப்பதே குறைய வேண்டும், நிலக்கரி எரிப்பது அதைவிட வேகமாகக் குறைய வேண்டும். முப்பந்தல் காற்றாடிகள் அதற்குத்தானே சுற்றுகின்றன. அவற்றுக்குப் புகைக்குழாயும் இல்லை, கந்தகமும் இல்லை. ஒரு நாள் வள்ளத்திலும் பேட்டரி மோட்டார் ஏறும், என் தொழில் போகும். போகட்டும். மருமகன் இப்போதே ஆட்டோவில் பேட்டரி வேலை பழகிக்கொண்டிருக்கிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பரில் டெல்லிக் காற்று என்றால் முதல் பக்கம், பருவநிலை மாநாடு என்றால் உலகச் செய்திப் பக்கம், ஒக்கி நினைவு நாள் என்றால் மாவட்டப் பக்கம் என்று பிரித்துப் போடுகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மூன்றையும் சேர்த்து ஒரு பக்கம் போடுங்கள்.

தடைக்காலப் புகைச் சோதனை வேண்டும் என்று நாங்கள் சில மெக்கானிக்குகளும் படகு உரிமையாளர்களும் சேர்ந்து மீன்வளத் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். புகை அளவி புதிதாக வாங்கக்கூட வேண்டாம். மாவட்டத்தில் வாகனப் புகைச் சோதனை மையங்கள் இருக்கின்றன, ஒரு மையத்துக் கருவியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாலே ஒரு நாளில் ஒரு துறைமுகத்தை முடித்துவிடலாம். படகு இஞ்சினில் குழாயை எங்கே மாட்ட வேண்டும் என்று காட்ட நான் கூட வருகிறேன், கூலி வேண்டாம். போன வாரம் கடிதம் எழுதிய அந்த வாசகருக்கும் நேரம் இருந்தால் வரச் சொல்லுங்கள். டீ நான் வாங்கிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு இஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.